சுட்டியன் காட்டிய வீடு

அன்பு மகன் றஸ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வறஹ்மதுல்லாஹி வபறகாத்துஹு. அல்லாஹ்வின் கிருபையினால் உங்கள் உம்மாவாகிய நானும், தங்கச்சி ஹுஸ்னியாவும், அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும், அவளுடைய கணவர் ஹிஷாமும் சுகமாக இருக்கிறோம். கட்டார் நாட்டின் அந்த வெயிலிலும் உங்களுக்கு அவ்வாறே சுகத்தை அவன் நிலைக்கச் செய்வானாக. இவ்விடயங்களைத் தொலைபேசியில் சொல்லலாம்தான், ஆனால் நான் ஒன்றை ஒழுங்காக எடுத்துரைக்கத் தொடங்கியதுமே ஹுஸ்னியா இடையில் புகுந்து முடிவைச் சொல்லிவிடுகிறாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளாயினும், பத்திரிகையையும் வானொலிச் செய்தியையும் கொண்டே எழுதப் பழகிய கை இது. ஊரில் பாதிப் பேருடைய விண்ணப்பங்கள் இந்தக் கையால்தான் எழுதப்பட்டன என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே இதையும் எழுத்திலேயே தருகிறேன். மசூருடைய மகன் விடுமுறை முடிந்து ஞாயிறன்று உங்கள் பக்கம் திரும்புகிறார், அவரிடம் இக்கடிதத்தையும் நெத்தலிக் கருவாட்டையும் கொடுத்து அனுப்புகிறேன். கருவாட்டை உடனே பிரித்துக் காற்றாட வையுங்கள், கடிதத்தை ஆறுதலாக வாசியுங்கள்.

ஹிஷாம் நமதூர்ப் பொலிஸ் காவலரணுக்கு மாற்றலாகி வந்ததை முன்னரே அறிவித்திருந்தேன். அறுகம்பேயில் இருந்தபோது வெள்ளைக்காரர் தொலைத்த தொலைபேசிகளைத் தேடிக்கொடுத்து ஆங்கிலத்தில் நன்றி வாங்கியவர் அவர். இங்கே அவருடைய தொழில் எப்படி நடக்கிறது என்பதை அறிய எனக்கு மிகுந்த ஆவல், ஆனால் அவரிடம் நேரே கேட்க முடியாதே. மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைக்காத நம் வீட்டு வழக்கத்தை, அவர் வந்து குடியேறிய நாள் முதல் நாங்கள் இருவரும் குறையின்றிக் காத்துவந்தோம். அவர் ஹுஸ்னியாவிடம் சொல்வதை நான் குசினியிலிருந்து கேட்டுக்கொள்வேன், எனக்குக் கேட்கவேண்டும் என்பதற்காகவே அவர் சற்று உரத்துச் சொல்கிறார் என்றும் நினைக்கிறேன். மனைவியின் ஊரில் பொலிஸ்காரராக இருப்பது எவ்வளவு இடர் என்பதை அப்படித்தான் அறிந்தேன். பெண் வீட்டில் வந்து வாழும் மாப்பிள்ளைக்கு ஊரே மாமனும் மச்சானும் அல்லவா. தலைக்கவசம் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவரை மறித்தாராம், அவரோ, "என்ன மருமகன், இந்த வெயிலுக்குள்ள நிக்கிறீங்க, ஏறுங்க, வீட்ட போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு மறுகா எழுதுவம்" என்றாராம். வேலித் தகராறு ஒன்றை விசாரிக்கப் போனார், மாப்பிள்ளைக்குக் கொடுப்பதை மறுக்கக்கூடாது என்பதால் இரண்டு வீட்டிலும் வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டு வந்தார். வேலி இருந்த இடத்திலேயே இருக்கிறது, அவருடைய இடுப்புப்பட்டிதான் ஒரு துளை நகர்ந்திருக்கிறது. கட்டாரில் பொலிஸாருக்கு மாமியார் வீடுகள் உண்டா, அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதை விசாரித்து எழுதுங்கள்.

இனி முக்கிய விடயத்துக்கு வருகிறேன். பெரும்போக வேளாண்மை ஆரம்பக் கூட்டத்தில் உங்கள் மாமா, அதாவது என் மூத்த சகோதரர் முகைதீன்பாவா, ஒரு சட்டம் கொண்டுவந்தார். விதைப்புத் தொடங்கியதும் மாடுகளை எல்லாரும் தூரத்து மேய்ச்சல் தரைக்கு அனுப்பிவிட வேண்டும், மீறிக் கட்டாக்காலியாக விடுபவருடைய பெயர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும் என்பது அச்சட்டம். நல்ல சட்டம்தான், நானும் மெச்சினேன். பயிர் முளைத்துப் பச்சை பிடித்த காலத்தில் மசூருடைய வயலில் ஒரு காளை இறங்கி ஒரு மூலையை மொட்டையடித்துவிட்டது. மசூர் கொடுத்த முறைப்பாட்டின்மேல் ஹிஷாம் காளையைப் பிடித்துக் காவலரண் முற்றத்துத் தென்னையில் கட்டினார். உரிமையாளர் என்று எவரும் வரவில்லை. நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்ததால் பொலிஸாரே அதற்குச் சுட்டியன் என்று பெயரிட்டார்கள். காளையோ கைதி என்ற எண்ணம் சிறிதும் இல்லாமல், பொறுப்பதிகாரி ஆசையாக வளர்த்த பூச்செடிகளைத் தின்றது, கொடியில் காய்ந்த ஹிஷாமுடைய சீருடையின் ஒரு கையையும் மென்றது. அரைக் கையோடு அவர் வீடு வந்த அழகை ஹுஸ்னியா படமெடுத்து உங்களுக்கு அனுப்பினாள், காரணத்தை இப்போது அறிந்துகொள்ளுங்கள். காளையின் தொடையில் இருந்த சூட்டுக்குறி நம் தாய்வழிக் குடியின் குறி. ஆனால் அந்தக் குறி ஊரில் பல வீடுகளின் மாடுகளில் இருப்பதால் அது எந்த வீட்டுக்குரியது என்று அதைக்கொண்டு தீர்மானிக்க முடியாது.

எனவே ஹிஷாம் ஒரு யுக்தி செய்தார். மாட்டை அவிழ்த்துவிட்டால் அது தன் வீட்டைத் தானே காட்டும் என்று எண்ணி, ஒரு மாலைப்பொழுதில் கயிற்றை அவிழ்த்து, சீருடையோடு அதன் பின்னால் நடந்தார். அவருக்குப் பின்னால் ஊர் நடந்தது. கடைக்காரர் கடையைப் போட்டுவிட்டு வந்தார், ஓட்டோக்கள் ஊர்ந்து வந்தன. சுட்டியன் எங்கும் நிற்காமல், எவரையும் திரும்பிப் பார்க்காமல், நேரே நம் வளவுக்குள் நுழைந்து குசினி யன்னலுக்குள் தலையை நீட்டியது, மகன். நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். என்னைக் கண்டதும் அது கழுநீருக்காக நாக்கை நீட்டியது. வெளியே எழுந்த சிரிப்பைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. ஒரு குரல், "கள்வன் பொலிஸ் வீட்டுலதானே இரிக்கான்" என்றது. ஹிஷாம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார். உண்மை என்னவெனில், அந்தக் காளை மாமாவுடையது. நம் பின்வேலிக்கு அப்பால் இருக்கும் மாமாவின் தொழுவத்தில் அது நின்றதை யாரும் கவனித்ததில்லை, ஏனெனில் மாமா தம் மாடுகளையெல்லாம் அனுப்பிவிட்டார் என்றே ஊர் நம்பியிருந்தது. தாய்ப் பசு செத்தபின் போத்தலில் பால் கொடுத்து வளர்த்த ஒன்றைத் தூரத்து மாட்டுப்பட்டியோடு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே அதிகாலையில் சுபஹு தொழுது வரும் வழியில் தொழுவத்தைத் திறந்துவிடுவார், அது மேய்ந்துவிட்டுப் பொழுதுபடத் திரும்பும், ஹிஷாம் வீடு வருமுன் என்னிடம் கழுநீர் குடித்துவிட்டுத் தொழுவத்துக்குப் போகும். முற்றம் கூட்டும்போது அவர் திறந்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன், மூத்தவருடைய காரியம் என்று எவரிடமும் சொன்னதில்லை. அன்று அந்தக் கூட்டத்தில் மாமாவும் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். "வாயில்லாச் சீவன், பசிச்சா எந்த வீட்டுக்கும் போகும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

அடுத்து, காவலரணுக்கு ஒரு மனு போயிற்று. அதில் எழுதியவருடைய பெயரும் இருக்கவில்லை, ஒரு முற்றுப்புள்ளியும் இருக்கவில்லை, ஆனால் கருத்துத் தெளிவாக இருந்தது, கொன்ஸ்டபிள் தன் மாமியின் மாட்டை மறைக்கிறார் என்பது. பொறுப்பதிகாரி ஹிஷாமை அழைத்து, உரிமையாளர் யாரென்பது முறையாகப் பதிவாகாவிட்டால் மனுவை மேலே அனுப்புவதைத் தவிர வழியில்லை, மன்னார்ப் பக்கம் மாற்றம் வரும் என்றாராம். ஹுஸ்னியாவுக்கு இது நிறைமாதம். கல்முனைக்குக் கிளினிக் போகும்போதெல்லாம் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டுதான் பஸ்ஸில் ஏறுகிறாள். அவள் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "உம்மா, அவர் இல்லாம நான் எப்பிடி?" என்று மட்டும் கேட்டாள். நான் தலையில் முக்காட்டை இட்டுக்கொண்டு மாமாவிடம் போனேன். நீங்களாகவே போய் ஒப்புக்கொள்ளுங்கள், அதுவே மரியாதை என்றேன். அவர் வெற்றிலையை மடித்தபடி, "ஸுஹைறா, சட்டம் போட்டவன் நான். என்ட பெயர நானே ஒலிபெருக்கியில கேக்கிறதா? நீ வாயத் திறக்காட்டி இது இதோட முடிஞ்சிது. மாப்பிள்ளைக்கு எங்க போனாலும் சம்பளம் வரும்தானே" என்றார். ஹிஷாமை நமக்குப் பார்த்துக் கொண்டுவந்தவரே அவர்தான், வீட்டுக்கு ஒரு பொலிஸ் இருப்பது நல்லது என்று அன்று சொன்ன அதே வாய். உங்கள் வாப்பா மௌத்தான நாள் முதல் எங்களுக்கு நிழலாக நின்றவரை எதிர்த்து நான் ஒரு சொல்லும் சொன்னதில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

காவலரணில் தமிழ் எழுதத் தெரிந்தவர் ஹிஷாம் ஒருவரே. ஆதலால் பொறுப்பதிகாரி தாமே சாட்சியாக வந்து நம் மண்டபத்தில் உட்கார, என் வாக்குமூலத்தை என் மருமகனே எழுத வேண்டியதாயிற்று. நான் திரைச்சீலைக்கு உள்ளே, அவர் எனக்கு முதுகைக் காட்டியபடி மேசையில், நடுவில் ஹுஸ்னியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அவர், "காளை யாருடையதெண்டு கேளுங்க" என்பார், அவள் என் பக்கம் திரும்பி, "உம்மா, காளை யாருடையதாம்" என்பாள், எனக்கு முதலிலேயே நன்றாகக் கேட்டிருக்கும். பெயர் என்ன என்பதையும் அப்படியே கேட்டார்கள், மாமியின் பெயரை மருமகன் வாயால் சொல்லக்கூடாது என்று அவர் வெறுமனே எழுதுகோலைத் தூக்கிக் காட்ட, அவள் என் பெயரை எனக்கே சொல்லிச் சரிதானா என்று கேட்டாள். சிங்களவரான பொறுப்பதிகாரி, இந்த வீட்டில் ஏதும் சண்டையா என்று மெதுவாக விசாரித்தார். அதைக் கேட்ட ஹுஸ்னியாவுக்குச் சிரிப்பு அடக்க முடியாமல் போய், சிரிப்பு இடுப்பைப் பிடித்து, "என்னால ஏலா உம்மா, நீங்களே கதைச்சுக்கொள்ளுங்க" என்று அறைக்குள் போய்ப் படுத்துவிட்டாள். ஹிஷாமுடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். காளை மென்ற அந்தச் சீருடைக் கையை ஹுஸ்னியா வேறு துணியில் ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தாள், நிறம் ஒக்கவில்லை. இவர் போய்விட்டால் என் பிள்ளை யாருடைய கையைப் பிடித்து பஸ் ஏறுவாள் என்று எண்ணினேன். "மகன், எழுதுங்க" என்றேன்.

அவர் திரும்பவில்லை, ஆனால் காது சிவந்ததைக் கண்டேன். காளை என் உடன்பிறந்த சகோதரர் முகைதீன்பாவாவுக்கு உரியது, அதை அவர் அதிகாலையில் திறந்துவிடுவதை என் கண்ணால் கண்டுள்ளேன், கழுநீர் கொடுத்ததைத் தவிர எனக்கு அதில் எந்த உரித்தும் இல்லை என்று, ஒரு சொல் முன்பின் ஆகாமல் சொன்னேன். எழுதுகோல் நின்றுவிட்டது. "மாமி," என்றார், அவர் என்னை அழைத்த முதல் தடவை அது, "யோசிச்சுத்தான் சொல்றீங்களா? மாமா அவங்க உங்களோட கதைக்க மாட்டாங்க. நான் மன்னாருக்குப் போனாலும் லீவுல வருவன்தானே." நான், "ஓம் மகன், யோசிச்சுத்தான். நீங்க எழுதுங்க" என்றேன். எழுதினார். வாசித்துக் காட்டினார். நன்றாகவே எழுதியிருந்தார், ஓரிடத்தில் மட்டும் 'மாடு' என்று இருந்ததைக் 'காளை' என்று திருத்தச் சொல்லிக் கையொப்பமிட்டேன். பொறுப்பதிகாரி தேநீரைக் குடித்துவிட்டு, மனுவை மேலே அனுப்ப வேண்டிய தேவை இனி இல்லை என்று சொல்லி எழுந்தார்.

இன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்ததும் நான் யன்னலடியில் நின்றேன். ஒலிபெருக்கி கரகரத்தது. என் வாக்குமூலச் செய்தி பள்ளிவாசலுக்கும் எட்டியிருந்ததால், பாங்கு சொல்லும் முஅத்தின் மாமாவின் பெயரை அறிவிப்பார் என்று காத்திருந்தேன், வந்ததோ மாமாவின் குரல். "மசூர்ட வயல அழிச்ச காளை முகைதீன்பாவாட. முகைதீன்பாவா எண்டா வேற ஆருமில்ல, நான்தான். நட்டத்த நான் கொடுக்கிறன்" என்று சொல்லி இருமினார். மகன், அவர் எனக்கு அண்ணன் என்பதில் எனக்கு இவ்வளவு பெருமை என்றும் வந்ததில்லை, இவ்வளவு அழுகையும் வந்ததில்லை. ஆனால் அவர் நம் வாசலைக் கடந்து போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. என் அழைப்பை எடுக்கவும் இல்லை. சுட்டியனை இன்று மாலையே தூரத்துப் பட்டிக்கு ஏற்றிவிட்டார்கள், கழுநீரை வேலியோரத்துத் தென்னைக்கு ஊற்றினேன்.

ஆகவே இக்கடிதம் கிடைத்ததும் முதல் வேலையாக மாமாவுக்கு அழைப்பெடுங்கள். நீங்கள் எடுத்தால் அவர் மறுக்க மாட்டார். காளையைப் பற்றியோ என்னைப் பற்றியோ தொடக்கத்தில் ஒன்றும் கேட்க வேண்டாம், அங்கே ஒட்டகம் வழிதவறினால் யார் பிடிக்கிறார்கள், அதற்கும் சூட்டுக்குறி உண்டா என்பதைச் சொல்லுங்கள், அவருக்கும் என்னைப் போலவே அறியும் ஆவல் அதிகம். பின்னர் மெதுவாக, உம்மா உங்களுக்காகக் கழுநீர்ப் பானையைக் கழுவாமல் வைத்திருக்கிறா என்று சொல்லுங்கள், சிரித்துவிட்டால் வந்துவிடுவார். ஹிஷாமும் நானும் மறுநாளே பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிட்டோம். கறிக்கு உப்புப் போதுமா என்பதை இப்போதும் ஹுஸ்னியாதான் கொண்டுபோய்க் கொண்டுவருகிறாள். ஆனால் உங்களை அழைக்கும் சொல்லால் நான் அவரை அழைத்துவிட்டேன், அதை இனித் திருப்பி எடுக்க இயலாது, எடுக்கவும் மாட்டேன். உங்களுக்குரிய பங்கில் அதனால் எந்தக் குறையும் இல்லை என்பதை இதன்மூலம் அறியத் தருகிறேன்.

வேலைத்தலத்தில் குளிர்ந்த தண்ணீரை வெயிலோடு வெயிலாகக் குடிக்க வேண்டாம். ஐவேளைத் தொழுகையில் கவனமாக இருங்கள். பிறக்கப்போகும் பிள்ளை மாமன் என்று அழைக்க உங்களைத் தேடும், அடுத்த விடுமுறையை அதற்கேற்ப ஒழுங்கு செய்யுங்கள். அல்லாஹ் உங்கள் உடலுக்கு ஆரோக்கியத்தையும் உழைப்புக்கு பறகத்தையும் தந்தருள்வானாக, ஆமீன். மறக்காமல் மாமாவுக்கு அழைப்பெடுங்கள்.

மேற்கூறியவை யாவும் நான் கண்ணால் கண்டவையும் காதால் கேட்டவையுமே, வாசித்துப் பார்த்துச் சரியெனக் கண்டு கையொப்பமிடுகிறேன்.

துஆவுடன்,
உங்கள் இருவருடைய உம்மா,
ஸுஹைறா