அம்மா அறைக்கு ஒரு ஸ்கிரீன் துணி

நாயுடுபுரம், கொடைக்கானல்
4.11.2024

அன்புள்ள சாஹிரா அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் அவரும் பிள்ளைகளும் நலம். அங்கே நீ, மச்சான், அம்மா எல்லோரும் நலம்தானே? போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே நமக்குள் ஏதாவது மூண்டுவிடுகிறது. அதனால்தான் எழுதி, பழனி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வீட்டு வேலை முடிந்துவிட்டது. ஜன்னல்கள்தான் மொட்டையாக நிற்கின்றன. பழனியில் இத்ரீஸ் மச்சானின் ஸ்கிரீன் கடை இருக்க, நான் ஏன் இன்னொரு கடைப் படி ஏற வேண்டும்? ஹாலுக்குப் பெரிய பூப்போட்டது. எங்கள் அறைக்கு மயில் கழுத்து நிறம். பிள்ளைகள் அறைக்கு மஞ்சள், எந்த மஞ்சளானாலும் சரி. ஜன்னல் அளவுகளைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

கீழே, தோட்டத்தைப் பார்த்த அறைக்கு மட்டும் அரக்கு நிறத்தில் கனத்த துணி, லைனிங் வைத்து. அது அம்மாவுக்கு. குடிபோகிற அன்று வருகிறவளை அப்படியே எங்களோடு வைத்துக்கொள்ளப்போகிறோம். போன வாரமே கேட்டேன், சரியென்றுவிட்டாள். உன்னிடம் சொல்லியிருப்பாளே?

அன்புத் தங்கை
ஷிபானா

பழனி
9.11.2024

ஷிபானாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். அம்மா என்னிடம் சொல்லவில்லை. உன் கடிதம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கேட்டதற்கு, "சின்னவ ஆசையாக் கூப்புடுறா, போயி இருந்துதான் பாக்குறேனே" என்றாள். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அத்தா மௌத்தாகி, தனியாளானதிலிருந்து எட்டு வருஷமாக என் வீட்டில் இருக்கிறாள். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறவள் நான். அந்த வெளிச்சத்தை எனக்கு ஒரு நாளும் காட்டியதில்லை.

இப்போது எழுந்தால் ஷிபானா வீடு, படுத்தால் ஷிபானா வீடு. என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து வீட்டு ஷர்மிளாவிடம் உன் வீட்டு மாடிப்படியைப் பற்றிப் பேசுகிறாள். எனக்கு வயிறு எரிகிறது. மறைப்பானேன்?

துணிகளை நானே தைத்து அனுப்பியிருக்கிறேன். மயில் கழுத்து நிறம் உன் அறைக்கு எடுப்பாக இருக்கும். உனக்கு எதுதான் எடுப்பாக அமையவில்லை? அம்மா அறைக்கு மட்டும் அரக்கு வேண்டாம். கனத்த துணி அவளுக்கு மூச்சு முட்டும். வெள்ளையில் மெல்லிய பருத்தி தைத்திருக்கிறேன். இங்கே அவள் அறையில் தொங்குவதும் அதுதான். மாற்றாமல் மாட்டு.

சாஹிரா

நாயுடுபுரம்
12.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

குடிபோன அன்று ஒரு வேளை சாப்பிட்டாய், மச்சானுக்கு அவசரச் சோலி என்றாய், மூன்று மணி பஸ்ஸுக்கு இறங்கிவிட்டாய். மற்ற அறைகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா அறையில் பல் கிட்டும் குளிர். இப்போது பனிக்காலம் வேறு. உன் வெள்ளைத் துணி அந்த ஜன்னலில் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். நானே இங்கே கனத்த துணி வாங்கி, ஏணியைப் போட்டு ஏறினேன். "ஏம்மா, அதத் தொடாத! சாஹிரா தச்சதுல்ல, அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்று சத்தம் போட்டு இறக்கிவிட்டாள். நான் வாங்கியது பிரிக்காமல் கிடக்கிறது. அம்மாவுக்குப் பத்து நாளாக இருமல். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று டாக்டர் மருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

வயிறு எரிகிறது என்று எழுதினாயே, என் வயிற்றையும் கேள். ஆப்பம் சுட்டு வைத்தால், "சாஹிரா தேங்காப்பாலு இன்னுங் கெட்டியா எடுப்பா" என்கிறாள். என் மகனை உன் மகன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். விடிந்ததும் பக்கத்தில் டீயோடு நிற்கிற என்னைப் பார்ப்பதில்லை, உன் துணியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். என் வீட்டுக்குள்ளேயே நீதான் இருக்கிறாய் அக்கா.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். மலைக்கு எந்தத் துணி போட வேண்டும் என்று உனக்குத் தெரியாதா? தெரிந்துதான் அனுப்பினாயா?

ஷிபானா

பழனி
15.12.2024

அன்புள்ள ஷிபானாவுக்கு,

தெரிந்துதான் அனுப்பினேன். கொடைக்கானல் லாட்ஜுகளுக்கெல்லாம் ஸ்கிரீன் தைத்து அனுப்புகிற கடைக்காரி நான், எனக்கா தெரியாது? ரெண்டு ராத்திரி குளிர்ந்தால், "என்னைய சாஹிராகிட்டக் கொண்டுபோயி விட்டுரு" என்பாள் என்று நினைத்தேன். நடுங்கிக்கொண்டே அந்தத் துணியைக் காவல் காப்பாள் என்று நினைக்கவில்லை.

நீ எழுதிய தேங்காய்ப்பால் வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவ்வளவு சந்தோஷம். அதற்கு மேல் வரியில் இருமல் இருந்தது. அதையும் படித்துவிட்டுத்தான் சந்தோஷப்பட்டேன். இப்படிப்பட்டவள்தான் உன் அக்கா.

"வெரசாக் கார் எடுத்துக்கிட்டுப் போயி அம்மாவக் கூட்டியாந்துருவோம்" என்றார் உன் மச்சான். நான் வேண்டாமென்றேன். நெஞ்சில் சளியோடு அவளை அத்தனை மலை வளைவுகளில் இறக்கக் கூடாது. அப்படியே வந்தாலும், குளிருக்குப் பயந்து வந்தவளாக இருப்பாள். எனக்காக வந்தவளாக இருக்க மாட்டாள்.

இதோடு வருகிற பார்சலில் அவள் அறைக்கு வேறு ஸ்கிரீன் இருக்கிறது. கடையிலேயே கெட்டியான துணி, உள்ளே கம்பளி லைனிங். ஜன்னலுக்கு ஒரு சாண் அதிகமாகவே இறக்கியிருக்கிறேன், கீழே காற்று நுழையாது. ஓரமெல்லாம் இரட்டைத் தையல். சாஹிரா தைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடு, மாட்ட விடுவாள்.

இனி அந்த அறையில் குளிராது. பழனிக்குத் திரும்பி வர அம்மாவுக்கு ஒரு காரணமும் இருக்காது. இதையும் தெரிந்துதான் தைத்தேன்.

உன் அக்கா
சாஹிரா