டொக்டர் கேட்டதும் நான் சொன்னதும்

ஒக்டோபர் 4, சனி

காலையிலேயே மழை. மடவளை பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. பக்கத்தில் நின்றவரின் குடைத் தண்ணீர் முழுக்க என் செருப்புக்குள். கிளினிக் வாசலில் ஒன்பதுக்கு முன்பே வரிசை.

இன்றைய வரிசையில் என் மாமனாரும்.

மாமாவுக்கு முழங்கால். மூன்று வருடமாகப் பள்ளிவாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துதான் தொழுகை, கடைசி வரிசையில், சுவரோரமாக. வலியை விட அதுதான் அவருக்கு வேதனை. நெற்றி நிலத்தில் படவேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்பது. நெஞ்சு வருத்தம் இருப்பதால் முழங்காலில் கத்தி வைக்க ஏலாது என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதனால் நான் வேலை செய்யும் இடத்துச் சீன வைத்தியம்.

லின் டொக்டருக்குத் (இனி லி.) தமிழும் வராது, சிங்களமும் வராது. எனக்குச் சீனம் வரும். வியாபாரத்துக்குச் சாமான் எடுக்கப் போன கணவரோடு ஆறு வருடம் அங்கே குடித்தனம் நடத்தியதில் கிடைத்த ஒரே இலாபம். லி. கேட்பதை நான் ஆட்களிடம் கேட்பேன், அவர்கள் சொல்வதை லி.யிடம் சொல்வேன். சம்பளம் அதற்குத்தான்.

முதலில் நாக்கு. பிறகு இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நாடி. பிறகு வழமையான கேள்விகள். குளிர் பிடிக்காதா, சூடு பிடிக்காதா? வியர்வை? தூக்கம்? தாகம்? மலம் எப்படிப் போகிறது? மாமனாரிடம் மருமகள் கேட்கிற கேள்வியா இது! முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மாமா சுவர்க் கலண்டரைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் சரியண்டு சொல்லு."

கடைசிக் கேள்வி: வேறு மருந்து ஏதும் எடுக்கிறாரா?

"இல்லண்டு சொல்லு."

எடுக்கிறார். இரத்தம் கட்டிபடாமல் இருக்க வார்பரின் குளிசை. தினமும் அதற்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பவளே நான்தான். போன மாதம் மாமாவின் பள்ளிக் கூட்டாளி ஒருவர் அதே குளிசையின் பெயரைச் சொன்னதும் லி. பேனையைக் கீழே வைத்துவிட்டார். "இவருக்கு நான் எழுதமாட்டேன்." அந்தக் கதை மாமாவுக்கும் தெரியும்.

என்னைத் திரும்பிப் பார்த்தார். வீட்டில் சாப்பாட்டில் உப்புக் கூடினால் பார்க்கிற அதே பார்வை. நான் லி.யிடம் "இல்லை" என்றேன்.

லி. எழுதினார். பன்னிரண்டு சரக்கு, ஒவ்வொன்றுக்கும் இத்தனை கிராம் என்று. அதில் தாங்குயி என்ற வேர், ஹொங்ஹுவா என்ற சிவப்புப் பூ. இரண்டும் இரத்தத்தை இளக்கி ஓடவைப்பவை. மாமாவின் குளிசை பார்ப்பதும் ஏறக்குறைய அதே வேலை. ஏழு நாளுக்கு ஏழு பொட்டலம். அடுத்த சனி வந்து என்ன மாற்றம் என்று சொன்னால், அதை வைத்து லி. அடுத்ததை எழுதுவார்.

பஸ்ஸில் மாமா நல்ல சந்தோசம். எனக்குக் கடலை வாங்கித் தந்தார். மகனுக்கென்று பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஒக்டோபர் 5, ஞாயிறு

வெயில். உடுப்புத் துவைத்தது. மாமி சந்தைக்குப் போன நேரம் பார்த்து மாமாவிடம் பேச்சைத் தொடங்கினேன்.

"மாமா, அந்தக் குளிசயும் இந்தக் கசாயமும் ஒண்டா குடிக்க ஏலா."

"ஏலாண்டு ஆரு சொன்ன?"

"டொக்டர் சொல்ற."

"எந்த டொக்டர்? நீ சொல்றதத்தானே அவர் கேக்கிற."

பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நீ வேலைக்கு போறதுக்கு இந்த வீட்ல ஓமெண்டு சொன்ன ஒரே ஆள் நான். நெனவு ஈக்கா?"

நினைவிருக்கிறது. மாமி ஒரு கிழமை முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமாதான் "போகட்டும், படிச்ச பாஷ வீணாகப் படா" என்றார். அந்த நன்றிக்கடனைத்தான் இப்போது கேட்கிறார்.

பின்னேரம் சீனாவிலிருந்து என் கணவரின் போன் கோல். விசயத்தைச் சொன்னேன். "வாப்பாக்கு ஆசயா ஈக்கி. நீ ஏன் குறுக்கால போற?"

"ரத்தம் போனா?"

"போனா பாப்பம்."

பாப்பமாம்! அவர் அங்கே பார்ப்பது பிளாஸ்டிக் பூச்சாடி. இங்கே பார்க்கப்போவது நான்.

ஒக்டோபர் 6, திங்கள்

கிளினிக் லீவு. கசாயம் காய்ச்சுவது என் பொறுப்பு. அங்கே வேலை செய்பவள் அல்லவா. மண்சட்டி, அரை மணி நேரம் ஊறல், இரண்டு தரம் காய்ச்சி, இரண்டையும் கலந்து காலைக்கும் மாலைக்கும்.

ஊறப்போடுவதற்கு முன் பொட்டலத்தைச் சுளகில் கொட்டினேன். தாங்குயியைப் பொறுக்குவது இலேசு, வெட்டிய துண்டுகள், வாசமே காட்டிக்கொடுக்கும். பூதான் சனியன். நூல் நூலாக மற்ற எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு. அரிசியில் கல் பொறுக்குவது இதற்குச் சொர்க்கம்.

மாமி எட்டிப் பார்த்து, "என்ன புள்ள, மிச்ச நேரமா கிண்டிக்கிட்டு ஈக்கிறீங்க?"

"தூசி ஈக்கி மாமி."

பொறுக்கியதை வாழைக்கடியில் புதைத்தாயிற்று. மிச்சத்தைக் காய்ச்சிக் கொடுத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு மாமா ஒரே மடக்கு. மாமா மனமும் நோகவில்லை, ஆபத்தும் இல்லை. நானும் லேசுப்பட்ட ஆளில்லைதான்.

வாங்க வேண்டியது: கிளினிக்குக்குக் கை துடைக்கும் துணி, மகனுக்குக் கொப்பி 2, வெங்காயம்.

ஒக்டோபர் 11, சனி

மூளை கெட்டவள் நான். இதை யோசிக்கவே இல்லை.

லி. மாமாவிடம்: எப்படி இருக்கிறது?

மாமா: "ஒரு மாத்தமும் இல்ல. அப்பிடியே ஈக்கி."

அட்சரம் பிசகாமல் அதைச் சொன்னேன். முழு உண்மை! லி. நெற்றியைச் சுருக்கினார். திரும்ப நாடி. திரும்ப நாக்கு. பழைய மருந்துத் துண்டை எடுத்துப் பார்த்தார். பூ ஆறு கிராம் இருந்ததைப் பத்தாக்கினார். வேரையும் கூட்டினார். மருந்துக்கு வலி கேட்கவில்லை, ஆகவே மருந்து போதாது. அவர் கணக்குச் சரி. இந்த வைத்தியம் அப்படித்தானே, போன கிழமை உடம்பு சொன்ன பதிலைக் கேட்டுத்தான் இந்தக் கிழமைத் துண்டு. மாமாவின் உடம்பு சொன்ன பதில் என் சுளகில் பொறுக்கிய பதில் என்று லி.க்கு எப்படித் தெரியும்?

சரக்கு நிறுக்கும் நிலந்தி தராசைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில், "உங்கட மாமாவுக்குப் பெரிய வருத்தமோ?" சும்மா சிரித்து வைத்தேன்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

நாள் முழுக்கத் தூறல். கெலிஓயாவிலிருந்து வந்த ஒருவர் தூக்கமில்லை என்று அரை மணி நேரம் சொன்னார். நான் சீனத்தில் சொன்னது நான்கு வசனம்.

என்ன செய்யலாம்?

லி.யிடம் உண்மையைச் சொல்வது. வேலை போகும். மாமா ஊரில் தலைகுனிவார். என் கணவர் என்னை மன்னிக்கமாட்டார்.

குளிசையை ஒளித்து வைப்பது. சீச்சீ. இரத்தம் கட்டிபட்டு நெஞ்சில் போய் அடைத்தால்?

ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் சொல்வது. அடுத்த திகதி நவம்பரில். கூடப் போவது மாமி.

பொறுக்கிக்கொண்டே இருப்பது. பொறுக்கப் பொறுக்க லி. கூட்டுவார். கூட்டக் கூட்ட நான் பொறுக்குவேன். ஒரு நாள் தவறினால்?

எல்லாப் பக்கமும் சுவர்.

ஒக்டோபர் 18, சனி

மாமா: "அதே வலிதான்."

லி. என் பக்கம் திரும்பினார். "வீட்டில் யார் காய்ச்சுவது?"

"நான்."

"ஒழுங்காகக் காய்ச்சுகிறாயா?"

"ஓம்."

முதல் நாள் வந்த நோயாளிக்குச் சொல்வது போல எனக்கு எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். எத்தனை கோப்பைத் தண்ணீர், எவ்வளவு நேரம். காது சுட்டது. பிறகு இன்னும் இரண்டு சரக்குச் சேர்த்தார். ஆஸ்பத்திரியில் ஒரு முழு வார்ட்டையே படுக்கப்போடப் போதும் அந்தப் பொட்டலம்.

பஸ்ஸில் மாமா: "ஒன்ட டொக்டருக்கு ஒண்டும் தெரியா." பாவம் லி.

ஒக்டோபர் 20, திங்கள்

முடிந்தது. மாமி பொட்டலங்களைத் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டா.

"ஒங்கட கைல மருந்து புடிக்கல்ல மகள். இனி நான் காச்சுற."

"மாமி, அதுக்கு ஒரு முற ஈக்கி…"

"பத்துப் புள்ளைக்குக் கசாயம் காச்சின கை இது."

கெஞ்சினேன். சமையலும் நானே, கசாயமும் நானே, நீங்கள் இருங்கள் என்றேன். மருமகளுக்கு இத்தனை அன்பா என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிட்டு வந்தா. அழுகை வந்தது, குசினிக்குள் போய் வெங்காயம் வெட்டினேன்.

ஒக்டோபர் 23, வியாழன்

வேலையால் வந்து செருப்பைக் கழற்றவும் இல்லை. மாமா உள்ளேயிருந்து, "மகள்! ஓடி வா! வந்து பாரு!"

முஸல்லாப் பாய் விரித்திருந்தது. கதிரை மூலையில். அசர் தொழுகை நிலத்தில் தொழுதிருக்கிறார். நெற்றி நிலத்தில் பட ஸுஜூதுக்குப் போய், எழும்பி, திரும்பவும் போய். எனக்குக் காட்டுவதற்காக இன்னொரு தரம் முழங்காலை மடித்தார். "மூணு வருசம் மகள். மூணு வருசம்." தாடி நனைந்திருந்தது. என் கண்ணும்தான். பொய் எழுத மாட்டேன், அந்த நிமிசம் எனக்கு வேறு ஒன்றும் ஞாபகமில்லை, சந்தோசம் மட்டும்.

கையை ஊன்றி எழும்பும்போது சட்டைக் கை மேலே போனது. முழங்கைக்குக் கீழே கரு நீலம், என் உள்ளங்கை அகலத்துக்கு.

"கட்டில்ல இடிபட்டீக்கும்" என்றார்.

"மாமா, தயவு செஞ்சி நாளைக்குக் குடிக்க வேணாம்."

"இப்ப நிப்பாட்டச் சொல்றியா? இப்பவா?"

லி. வேலை முடிந்ததும் கொழும்புக்குப் போய்விட்டார், நாளை இரவுதான் வருவார். போனை எடுத்தேன். சீனத்தில் நீளமாக எழுதினேன். அழித்தேன். சனிக்கிழமை நேரில் சொல்வோம். இரண்டே நாள்.

ஒக்டோபர் 24, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்து சோற்றுக்கு உட்கார்ந்தார். மூக்கிலிருந்து இரத்தம். தலையை நிமிர்த்தினால் வாயால் வந்தது. மாமியின் முந்தானை, பிறகு துவாய், பிறகு இன்னொரு துவாய். நிற்கவே இல்லை. பக்கத்து வீட்டு வேனில் பெரியாஸ்பத்திரிக்கு. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனம் அசையவில்லை. யா அல்லாஹ், அந்தப் பாலம்.

வார்ட்டில் யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர், என் வயதுதான் இருக்கும். மாமாவின் ஆஸ்பத்திரிக் கொப்பியைப் புரட்டினா. "வார்பரின் எடுக்கிறார், சரி. வேற மருந்து ஏதும் எடுக்கிறவரோ? நாட்டு மருந்து, கசாயம் ஏதும்?"

மூக்கில் பஞ்சோடு மாமா தலையை ஆட்டினார். இல்லையாம். கை என் கையைப் பிடித்திருந்தது. நசுக்கினார்.

"ஓம் டொக்டர், எடுக்கிற," என்றேன். "மூண்டு கிழமையா. சீனக் கசாயம். என்னென்ன சரக்கெண்டு எனக்குத் தெரியும்."

மாமா கையை விட்டுவிட்டார்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

இரத்தம் நின்றுவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். ஊசியும் மருந்தும் ஏற்றினார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் தலைக்குள் இரத்தம் கசிந்திருக்கும் என்றா அந்த டொக்டர்.

மாமா என்னோடு பேசவில்லை. கஞ்சி கொண்டுபோனேன், மாமியின் கையால் வாங்கிக் குடித்தார். நான் திரும்பும்போது சுவரைப் பார்த்தபடி மாமியிடம்: "பள்ளியில கதிரய திரும்ப போடச் சொல்லுங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் ஒன்றும் பார்க்கவில்லை.

ஒக்டோபர் 27, திங்கள்

கிளினிக் லீவு. லி.யை வரச் சொல்லிக் கேட்டுப் போனேன். எல்லாம் சொன்னேன். குளிசை, சுளகு, வாழையடி, மாமி. கிளினிக் சாவியை மேசையில் வைத்தேன்.

லி. ஏசவில்லை. ஏசியிருக்கலாம். மாமாவின் மூன்று துண்டையும் எடுத்து ஒவ்வொன்றின் மேலும் கோடு போட்டார். பிறகு அலுமாரியைத் திறந்து கோப்புகளை அள்ளி மேசையில் வைத்தார்.

"மற்றவர்கள்?"

"அவர் ஒருவருக்கு மட்டும்தான் பொய் சொன்னேன். சத்தியமாக."

"கூப்பிட்டுக் கேள். கடைசிக் கேள்வி மட்டும்."

மேலே கிடந்தது அலவத்துகொடப் பெண்மணி ஒருவரின் கோப்பு. இடுப்பு வலி, இரண்டு மாதமாக வருகிறவர். 'வேறு மருந்து: இல்லை', நான் சொல்லி லி. எழுதியது. நம்பரை அழுத்தினேன். புரியாவிட்டாலும் லி.க்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆ, மகள்! சுகமா ஈக்கிறீங்களா? குளிசயா? ஓம், பிரஷருக்கு ரெண்டு எடுக்கிற, சீனி வருத்தத்துக்கு ஒண்டு. ஏன் மகள்?"

"அண்டைக்கு டொக்டர்ட்ட சொல்லல்லயே நீங்க?"

"நீங்க கேக்கவே இல்லயே மகள். வெளிய மிச்சம் பேர் வரிசையில நிண்டாங்க. நீங்களே அவர்ட்ட என்னமோ சொன்னீங்க, அவர் எழுதின."

மேசைக்கு அந்தப் பக்கம் லி., பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு: "என்ன சொல்கிறார்?"