சர்க்கரை கூடினதும் வாங்க

மார்ச் 4
ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 5.6. அம்மாவுக்கு இந்தச் சர்க்கரைதான் முதலில் கால்விரலைக் கொண்டுபோனது, பிறகு கண்ணை. எனக்கு வர விடமாட்டேன். அரசுக் காப்பீட்டில் தடுப்பு வகுப்பு உண்டாம். சாப்பாடு, நடை, பயிற்சியாளர், ஒரு வருடம், எல்லாம் இலவசம். நாளைக்கு அரை நாள் லீவு.

மார்ச் 5
காப்பீட்டு அலுவலகம் போனேன். 5.7 இருந்தால்தான் வகுப்பாம். புள்ளி ஒன்றுதானே குறைகிறது, கொஞ்சம் பார்த்துப் போடக் கூடாதா என்று கேட்டேன். "கூடினதும் வாங்கக்கா" என்றாள் கவுண்டர் பெண், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல.
கூடக் கூடாது என்றுதானே வந்தேன்?
நானும் ரயில் டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவள்தான். "அடுத்தவங்க" என்பதை எந்தத் தொனியில் சொன்னால் ஆள் நகரும் என்று தெரியும். நகர்ந்தேன்.

மார்ச் 6
வீட்டுக்காரர் தையல் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "ஒரு மாசம் நல்லா இனிப்பு சாப்பிடு. தானா பாஸாயிடுவே." நாளுக்கு ஐந்து டீ, டீக்கு மூன்று கரண்டி சர்க்கரை, இவர் பேசுகிறார்.
வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: ஒரு நிமிடம் யோசித்தேன்.

மார்ச் 11
மறுபரிசோதனை. துணைக்கு அவரும் வந்தார். ரத்தம் எடுத்த நர்ஸ் அவர் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வந்ததுதான் வந்தீர்கள், நீங்களும் கையை நீட்டுங்கள் என்றார். நான் கல்லு மாதிரி இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே நீட்டினார்.

மார்ச் 14
எனக்கு அதே 5.6. கல்லுக்கு 6.2.

மார்ச் 15
மிஷின் சத்தமே இல்லை.

மார்ச் 18
அவருக்கு உடனே அனுமதி வந்துவிட்டது. போகமாட்டாராம். அதெல்லாம் வயசானவங்க போறதாம். இவருக்கு ஐம்பத்து மூன்று.
எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா காலுக்குக் கட்டுப் போட்டதையெல்லாம் சொல்லிக் கொட்டிவிட்டேன். உங்களுக்கும் நான் கட்டுப் போடணுமா? என்னால முடியாதுங்க. சத்தியமா முடியாது—
இன்ச் டேப்பைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். கடைசியில், "துணைக்கு ஒருத்தர் வரலாமான்னு கேளு" என்றார்.

மார்ச் 19
காப்பீட்டுக் கவுண்டரில் அதே பெண். குடும்பத்தில் ஒருவர் கூட வரலாமாம், இலவசமாகவே. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன். "அன்னைக்கு உங்க வீட்ல யாருக்கும் கூடலையேக்கா."

ஏப்ரல் 2
முதல் வகுப்பு. குறிப்பு எடுத்தது நான். பயிற்சியாளரைத் திணறடித்தது அவர். டீக்கு மூன்று கரண்டியிலிருந்து இரண்டே முக்காலுக்கு இறங்கி வந்தார். பயிற்சியாளர் அரையில் நிற்கிறார். பேரம் முடியவில்லை.

மே 20
முழங்கால் வலி, நடக்க வரவில்லை என்றேன். தனியாகவே போய்விட்டு வந்தார்.

ஜூலை 9
கவுண்டர் வேலை முடிந்து வந்தபோது தன்னுடைய பேண்ட்டைப் பிரித்துவைத்து இடுப்பளவைக் குறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். துணியில் வரிசை வரிசையாகப் பழைய ஊசித் துளைகள். எண்ணினேன், நான்கு வரிசை. இத்தனை வருடமும் எனக்குத் தெரியாமல் இடுப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தைத்திருக்கிறார்.
அவர் நிமிரவில்லை.
"இந்த ஊசியில நூலைக் கோத்துக் குடு" என்றார். கோத்துக் கொடுத்தேன்.