முடிந்தது என்று வந்தால்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் கண்ணும் அம்மாவின் கோபமும் எப்படி இருக்கின்றன?

கம்ப்யூட்டரில் உள்ளதை இன்னோர் இடத்தில் நகலெடுத்து வைக்கும் பேக்கப் மென்பொருளுக்குக் கையேடு எழுதுகிறேன் அல்லவா? இப்போதெல்லாம் அதை மனிதர்கள் படிப்பதில்லை. ஏஐ ஏஜென்ட்தான் படித்து, எழுதியபடியே செய்கிறது. 'முடிந்தது என்று வந்தால் நகல் தயார்' என்று எழுதியிருந்தேன். போன வாரம் அது ஃபைல்கள் இருந்ததை விட்டுவிட்டு ஒரு காலி ஃபோல்டரை நகலெடுத்தது. மென்பொருள் 'முடிந்தது' என்றதும் எல்லாம் பத்திரம் என்று அறிக்கை கொடுத்துவிட்டது. பயப்படாதீர்கள், சோதனைக்கு வைத்திருந்த கம்ப்யூட்டர்தான். மேலாளர் சிரித்துவிட்டு, "நமக்குன்னா சந்தேகம் வரும். அதுக்கு நீதாம்மா எழுதி வைக்கணும்" என்றார். 'அந்தச் செய்தியை நம்பாதே, ஒரு ஃபைலையாவது மீட்டுத் திறந்து பார்' என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதி ஓய்ந்துபோனேன்.

உங்களுக்கும் ஒரு வேலை. ஆபரேஷன் செய்த கண்ணைப் பற்றிக் கேட்டால், போனில் "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்கிறீர்கள். மற்றக் கண்ணை மூடிக்கொண்டு, இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாய்விட்டுப் படியுங்கள். அதைப் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். நடுவில் சண்டை வந்தால் வெட்ட வேண்டாம், அப்படியே வரட்டும். இந்த அறையில் பேச்சுச் சத்தமே இல்லை.

கீழே எல்லோருக்கும் பொதுவான துணி துவைக்கும் மெஷின் ஓடி முடித்து நின்றிருக்கும். உடனே எடுக்காவிட்டால் அடுத்தவர் ஈரத்தோடு வெளியே தூக்கிப் போட்டுவிடுவார். ஓடுகிறேன்.

முதல் வரியில் 'நான் நலம்' என்று எழுதியிருக்கிறேன். அதை மட்டும் திறந்து பார்க்காதீர்கள் அப்பா.

உங்கள் வாயாடி