காரங்காடு யாருக்கு?

ஜூன் 3, செவ்வாய்
தொண்டியில் நான் நடத்தும் பஸ் கிளம்புவது 7.40. போட்டி முதலாளி காளிதாஸ் அண்ணன் பஸ் 7.45. ராமநாதபுரம் வரை ஒன்றையொன்று முந்துவதுதான் வேலை. இன்று உப்பூரில் உரசி, என் பஸ்ஸின் பக்கக் கண்ணாடி போனது. எங்கள் இரண்டு பஸ்ஸும் போய்விட்டால் ஒன்பதரை வரை ரோட்டில் வேறு பஸ் கிடையாது. எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?

ஜூன் 9, திங்கள்
அண்ணனே வீட்டுக்கு வந்தார். அரை மணிக்கு ஒரு பஸ் என்று நேரத்தை மாற்ற, சேர்ந்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் மனுக் கொடுக்கலாமாம். போகவர ஒரே டிக்கெட். யார் பஸ்ஸிலும் திரும்பலாம். பத்து வருஷத்தில் அவர் சொன்ன முதல் உருப்படியான யோசனை.

ஜூன் 14, சனி
ஒப்பந்தம் வந்தது. கடைசிப் பக்கத்தில் வினை. வழியில் உள்ளே நுழைந்து திரும்பும் ஊர்களில் காரங்காடு எனக்கு, முள்ளிமுனை அவருக்கு. ஒருவர் ஊருக்குள் மற்றவர் நுழையக் கூடாது. காரங்காட்டுக்கு மினிபஸ் பெர்மிட் கேட்டிருக்கும் ஸுஹைரை இருவரும் சேர்ந்து தடுக்க வேண்டும்.
அண்ணன்: "நமக்குள்ள பேசிக்கிறதுதான தங்கச்சி, யாரு கேக்கப்போறா?"
துபாயிலிருந்து இவர்: "கையெழுத்தப் போட்டுத் தொலையேன் சபியா."
எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஒரு ஊர் முழுக்க எனக்கே என்றால் கசக்குமா?

ஜூன் 17, செவ்வாய்
மனசு கேட்காமல் ராமநாதபுரம் போய் வக்கீல் நாகலெட்சுமியைப் பார்த்தேன்.
"நேரத்தப் பிரிக்கிறது, டிக்கெட்டச் சேக்குறது சனங்களுக்கு நல்லது. அனுமதி வாங்கிச் செய்ங்க. ஊரப் பங்கு போடுறதும், மூணாவது ஆள கூடி மறிக்கிறதும் போட்டிச் சட்டத்துக்கு விரோதம். டெல்லியில இருக்குற போட்டி ஆணையம் அபராதம் போடும்."
"எழுதாம வாய்ப்பேச்சா வச்சுக்கிட்டா?"
"அதுவும் ஒப்பந்தந்தாம்மா."
ரெண்டே பஸ் வச்சிருக்கிறவளுக்கு டெல்லியில ஒரு ஆணையமா! யா அல்லாஹ்.

ஜூன் 18, புதன்
அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் கோடு போட்டு அடித்துவிட்டு, ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அண்ணன் மொத்தத்தையும் கிழித்துப் போட்டார். "ஒன் வக்கீலம்மாவையே வந்து பஸ் ஓட்டச் சொல்லு."

ஜூன் 19
மறுபடி 7.40. மறுபடி 7.45.

ஜூலை 2, புதன்
ஸுஹைருக்கு எதிராக அண்ணன் ஆட்சேபனை கொடுத்திருக்கிறார். அதில் என் பெயரும்! என்னைக் கேட்காமலே! ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய், எனக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். என் பொழப்புல நானே மண்ணள்ளிப் போடுறேனோ?

ஆகஸ்ட் 11, திங்கள்
ஸுஹைரின் மினிபஸ் ஓடத் தொடங்கியது. காரங்காட்டுக்குள் போன என் பஸ் பாதி காலியாகத் திரும்பியது. ஊரே அவன் பஸ்ஸில் ஏறி மெயின்ரோட்டுக்கு வந்துவிடுகிறது. நியாயம் பேசினாயே சபியா, நல்லா அனுபவி.

ஆகஸ்ட் 29, வெள்ளி
ஜும்ஆ முடிந்த நேரம் காளிதாஸ் அண்ணன் வந்தார். முகத்தை நேரே பார்க்கவில்லை.
"மினிபஸ்ஸு ரோட்டுல எறக்கி விடுற சனம், நம்ம ரெண்டு பஸ்ஸும் போனப்புறம் வெயில்ல நிக்கிது தங்கச்சி. அம்புட்டும் ஷேர் ஆட்டோவுல ஏறிப் போகுது."
"கடைசிப் பக்கத்த விட்டுட்டு நேரத்த மட்டும் மாத்தலாம்னு நான் ஜூன்லயே சொன்னேன்."
"சரி, சரி. நேரத்த மாத்த மனு எழுதிக் கொண்டாந்திருக்கேன். ஊரு கீரு ஒண்ணும் அதுல இல்ல." கொஞ்சம் தயங்கினார். "ஸுஹைரும் டிக்கெட்டுல சேரணுங்கிறான். சட்டப்படி சேக்கலாமா? வக்கீலம்மாகிட்ட நீயே கேட்டுச் சொல்லேன்."
நம்பரைக் கொடுத்து நீங்களே கேளுங்கள் என்றேன். வாசலில் நின்று போனில் முக்கால் மணி நேரம், "ஏம்மா, அப்ப இது?", "ஏம்மா, அப்ப அது?" என்று அந்தப் பெண்ணின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். நான் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவருக்கு இரண்டாம் தடவையாக டீயைச் சுட வைத்தேன்.