தவளை வந்த கதவு

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் பட்டாணியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காலுறை போட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்புகிறேன். கையில் ஃபோன் இருக்கும்போது இவன் ஏன் காகிதத்தைத் தேடினான் என்று நினைப்பாய். ஃபோனில் நான் வாயெடுத்தாலே, "அண்ணா, மணி அடிக்கிறாங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே கிடக்கும். ஆலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். இது மூன்றாம் நாள்.

பட்டாணியின் மூன்றாவது பிறந்தநாள் படங்களைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் சிரிச்ச முகமா இருக்கீங்க, நல்லா நடந்துதுல்ல?" என்று கேட்டிருந்தாய். அவை நாலு மணியிலிருந்து நாலரைக்குள் எடுத்தவை. அதற்குப் பிறகு நாங்கள் படம் எடுக்கவில்லை.

முதலில் இருந்தே சொல்கிறேன். ஃபோனில் பட்டாணி பார்க்கிற அந்தத் தவளை விளையாட்டு மாதிரி வீட்டை அலங்கரித்துக் கொண்டாடுங்கள் என்று நீ சொன்னதும், உன் அண்ணி கடைத்தெருவில் போய் விசாரித்தாள். அலங்காரம் செய்கிறவன் சொன்ன விலையைக் கேட்டு, "ஏம்பா, அந்தத் தவளையே நேர்ல வந்து கேக் வெட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். அட்டைப்பெட்டி செய்கிறவன் வீட்டில் அட்டைக்கா பஞ்சம் என்றேன் நான். எங்கள் ஆலையில் அச்சு பிசகிய அட்டைகளை ஓரமாக அடுக்கி வைத்திருப்பார்கள். மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "எடுத்துட்டுப் போ. ஆனா கோட்டை கட்டி முடிச்சிட்டு, முதுகு வலிக்குதுன்னு லீவு கேட்டு வந்து நிக்காதே" என்றார். சைக்கிளின் பின்னால் கட்டி நாலு நடையாகக் கொண்டுவந்தேன். வழியில் காற்று அடித்தபோது நான் சைக்கிளை ஓட்டினேனா, அட்டை என்னை ஓட்டியதா என்று சொல்ல முடியாது.

ஒரு வாரம் வேலைவிட்டு வந்ததும் இதே வேலை. கட்டம் கட்டமாகச் செங்கற்கள், வெள்ளை மேகங்கள், தட்டை வைத்து வரைந்து வெட்டிய மஞ்சள் காசுகள். தரையில் பச்சை டேப் ஒட்டிக் குளம். நாலு பெட்டிகளைக் கோத்து ஒரு குகை. உன் அண்ணி பழைய படுக்கைவிரிப்பை வெட்டித் தவளை உடுப்பு தைத்தாள். அட்டையில் அளவு தப்பினால் நான் இன்னொன்று வெட்டுவேன். துணியில் அது நடக்காது என்று என்னைப் பத்து முறை நிற்க வைத்து அளந்தாள். ஆமாம், தவளை நான்தான். நாற்பத்திரண்டு வயதில் குதித்துப் பார்த்தேன். முட்டி இன்னும் என்னோடு பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிறது.

அந்த விளையாட்டில் ஒவ்வொரு கட்டமும் முடிகிற இடத்தில் ஒரு நீலக் கதவு வருமே, தவளை அதற்குள் நுழைந்து அடுத்த உலகத்தில் வெளியே வருமே, அதையும் செய்தேன். ஃப்ரிட்ஜ் வருகிற பெரிய அட்டை கிடைத்தது. மடிப்புக் கோடு போட்டு, நீலம் அடித்து, பாட்டில் மூடியில் கைப்பிடி வைத்து, சமையலறை வாசலில் நிறுத்தினேன். கதவு திறக்கும், நான் குதித்து வருவேன் என்று ஏற்பாடு. என் கையால் ஆயிரக்கணக்கில் பெட்டி செய்திருக்கிறேன் தங்கச்சி. இவ்வளவு ஆசையாக எதையும் மடித்ததில்லை.

சரியாக நாலு மணிக்குப் படை வந்து இறங்கியது. மாடி வீட்டுத் தையல்காரரின் இரட்டையர், எதிர் வீட்டு பஸ் டிரைவரின் மகன், பட்டாணியோடு காப்பகத்துக்குப் போகும் இரண்டு பெண் குழந்தைகள். எல்லாம் இரண்டரை வயதுக்கும் மூன்றுக்கும் நடுவில். காசு பொறுக்கிப் பெட்டியில் போட வேண்டும், குகைக்குள் தவழ்ந்து மறுபக்கம் வர வேண்டும், குளத்தைத் தாண்ட வேண்டும் என்று உன் அண்ணி விதிகளைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுதி வைத்த முதல் ஆள் அவளாகத்தான் இருப்பாள். இரட்டையரில் ஒருவன் காசைத் தின்றான். இன்னொருவன் மேகத்தைக் கிழித்துத் தலையில் போட்டுக்கொண்டான். டிரைவர் மகன் குகைக்குள் போனவன் வெளியே வரவே மாட்டேன் என்றான். அவன் அப்பா குனிந்து, "கடைசி ஸ்டாப் வந்துடுச்சு, எறங்குங்க சார்" என்று கெஞ்சினார். நாங்கள் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீ பார்த்த படங்கள் அப்போது எடுத்தவை.

நாலரைக்கு நீ ஃபோனில் வருவதாக இருந்தது. வேலையில் மாட்டிக்கொண்டேன், வர முடியாது என்று செய்தி வந்ததும் உன் அண்ணி எனக்குச் சைகை காட்டினாள். சரி, கேக் வெட்டிவிடலாம், தவளை வரட்டும் என்றாள். நான் நைசாகச் சமையலறைக்குள் போய் உடுப்பை மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து குதித்தேன்.

மற்ற குழந்தைகள் கூச்சல் போட்டார்கள். ஒன்று அழுதது. பட்டாணி அழவில்லை, சிரிக்கவும் இல்லை. என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள். "தவளை வந்துடுச்சு" என்றாள். அடுத்து, "அம்மா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. உன் அண்ணிக்குப் புரிந்துவிட்டது. அவள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது.

யோசித்துப் பார். நீ ஃபோனில் வருகிறாய். தவளையும் அதே ஃபோனில்தான் வருகிறது. பேசும்போது அவள் எழுந்து ஓடிவிடக்கூடாதென்று நீயே தவளையைக் குதிக்கவிட்டுக் காட்டுகிறாய்; தவளை பெரிதாக, உன் முகம் ஓரத்தில் சின்னதாக. அவளைப் பொறுத்தவரை நீங்கள் இருவரும் ஒரே ஊர்க்காரர்கள். சில சமயம் அவள் உன் அண்ணியை அம்மா என்று கூப்பிட்டுவிடுவாள். உன் அண்ணி ஒரு தடவைகூட அதை விட்டதில்லை. "அத்தைடா செல்லம். அம்மா ஃபோன்ல இருக்காங்க" என்று உடனே திருத்துவாள். அம்மா ஃபோன்ல இருக்காங்க. இரண்டு வருஷமாக நாங்கள் சொல்லிக்கொடுத்த பாடம் அது. மேகம் வெளியே வந்துவிட்டது, காசு வந்துவிட்டது, தவளையும் வந்துவிட்டது. இனி யார் பாக்கி?

கதவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கேக் வெட்டலாம் வா என்றால், "அம்மா வருவா" என்றாள். எல்லாரும் பாட ஆரம்பித்தோம். உதட்டில் விரலை வைத்து எங்களை அடக்கினாள். மூன்று மெழுகுவர்த்தியும் உருகிக் கேக்கில் வழிந்தன. ஒரு கால் மணி நேரம். அரை மணி நேரம். டிரைவரின் மனைவி தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "நாங்க கெளம்பறோம்ண்ணா" என்று என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். ஒவ்வொருவராகப் போனார்கள். ஒருவரும் கேக் கேட்கவில்லை.

நான் தவளைத் தொப்பியைக் கழற்றி, "மாமாதான்டா, பாரு" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கண்டுகொள்ளவில்லை. எழுந்து போய்க் கதவைத் தட்டினாள். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு அவளே திறந்தாள். பின்னால் என்ன இருக்கும்? எங்கள் சமையலறை. அடுப்பு, கழுவாத பாத்திரம், நான் பெயின்ட் அடித்த பழைய பிரஷ். உள்ளே போய் அடுப்பு மேடைக்குக் கீழே குனிந்து பார்த்தாள். கோணிக்குப் பின்னால் பார்த்தாள்.

திரும்பி வந்து மேசையிலிருந்த என் ஃபோனை எடுத்தாள். உன்னைக் கூப்பிடத் தரப்போகிறாள் என்று கை நீட்டினேன். தரவில்லை. தரையில் வைத்தாள். பிறந்தநாளுக்கு வாங்கியதென்று அன்று வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டிருந்த புதுச் செருப்பைக் கழற்றினாள். வீட்டுக்குள் நுழையும் முன் கழற்ற வேண்டும் என்று உன் அண்ணி பழக்கியிருக்கிறாள். இரண்டு காலையும் அந்த ஃபோன் மேல் சேர்த்து வைத்து ஏறி நின்றாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். "உள்ள போறேன்" என்றாள்.

கண்ணாடி விரிசல் விட்ட சத்தம் கேட்டுத்தான் உன் அண்ணி ஓடிவந்து அவளை வாரி எடுத்தாள். காலில் ஒன்றும் இல்லை. பயப்படாதே, உள்ளங்காலைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டோம். அப்போதுதான் அழுதாள். குழந்தை விழுந்து அடிபட்டு அழுகிற அழுகை இல்லை. சத்தமே இல்லை. எதற்கு அழுகிறோம் என்று தெரிந்து அழுகிறவர்கள் அழுவது போல.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அவள் தூங்குகிறாள் என்றேன். பொய். கட்டிலுக்கு அடியில் இருந்தாள். இப்போது ஃபோனைக் கண்டால் ஓடுகிறாள்.

இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போவதாகச் சொன்னாயே, அதற்காகத்தான் அவசரமாக இதை அனுப்புகிறேன். போடாதே. இதைச் சொல்வது நான் இல்லை, உன் அண்ணி. எங்களுக்குக் குழந்தை இல்லை என்பதும், பட்டாணி வந்த பிறகுதான் அவள் வாய்விட்டுப் பாட ஆரம்பித்தாள் என்பதும் உனக்குத் தெரியும். அவள்தான் சொன்னாள்: "வந்து கூட்டிட்டுப் போகட்டுங்க. நான் எப்படியாவது தாங்கிக்குவேன். புள்ள தாங்காது." சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போனாள். துவைத்த துணியையே மறுபடி துவைத்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை கண்ணை மூடிய நாலாம் மாதம் நீ கிளம்பினாய். கைக்குழந்தையை விட்டுவிட்டு எப்படி மனசு வந்தது என்று ஊரே கேட்டது. நான் கேட்டதில்லை. பட்டாணிக்கு மாப்பிள்ளையின் முகம். அது எனக்குத் தெரிகிறது. உனக்குத் தெரியாமல் இருக்குமா? இப்போதும் ஒன்றும் கேட்கவில்லை. என் கூடப் பிறந்தவள் நல்லபடியாக இருக்க வேண்டும். எங்கே இருந்தால் நல்லபடியாக இருப்பாய் என்பதை மட்டும் யோசி.

என்றும் உன் நலம் வேண்டும்,
அண்ணன்.

*

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. இங்கே முதியோர் இல்லத்தின் சலவை அறையில், துணி உலர்த்தும் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து படித்தேன். பாதியில் வைக்க முடியவில்லை. நடுவில் ஓர் அறையிலிருந்து மணி அடித்தது. போகவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அன்று எனக்கு வேலை இல்லை. பத்து நாள் முன்பே விடுப்பு வாங்கியிருந்தேன். குளித்து, தலைவாரி, நல்ல துணி உடுத்தி, உங்கள் ஊர் நேரப்படி நாலு மணியிலிருந்து ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முந்தின தடவை பேசும்போது பட்டாணி சிரித்தாள் அண்ணா. இடது கன்னத்தில் மட்டும் குழி விழுந்தது. அவர் அப்படித்தான் சிரிப்பார். மறுபடி அதைப் பார்த்தால் எல்லார் முன்னாலும் கதறிவிடுவேன், குழந்தையின் பிறந்தநாள் பாழாகிவிடும் என்று பயந்தேன். அதனால்தான் அந்தச் செய்தியை அனுப்பினேன். அவள் அங்கே காத்திருந்த அந்த அரை மணி நேரமும் நான் இங்கே சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். இதை நீ மன்னிக்க வேண்டாம். தெரிந்திருந்தால் போதும்.

குழந்தையை விட்டுப் போனேன் என்று ஊர் சொன்னது. நான் அவர் நினைவை விட்டு ஓடினேன். அவர் முகம் குழந்தையிடம் இருந்ததால் அவளையும் சேர்த்து விட்டுவிட்டேன்.

கையெழுத்துப் போடவில்லை. மாற்று ஆள் வரும்வரை இருக்கச் சொல்லிவிட்டார்கள். ஆறு வாரம். அதற்கு மேல் ஒரு நாள் இருக்க மாட்டேன். நான் வருவதை அவளிடம் சொல்லாதீர்கள். சொன்னால் எண்ணிக்கொண்டு உட்காருவாள். இனி ஒரு நாளும் அவள் எனக்காக அப்படி உட்காரக் கூடாது.

அண்ணியிடம் நான் எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை, நீயே சொல். நான் யாரையும் கூட்டிக்கொண்டு போக வரவில்லை. உங்கள் தெருவிலேயே எனக்கு ஒரு அறை பார். அண்ணி பாடுவதை அவள் கேட்டுக்கொண்டே தூங்கட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நான் வாசலில் வந்து நிற்கும்போது அவளுக்கு என்னை அடையாளம் தெரியாமல் போகலாம். பயந்து அண்ணிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். அப்போது, "அம்மாடா, அம்மாகிட்ட போ" என்று யாரும் அவளைத் தூக்கி என் கையில் கொடுக்காதீர்கள். எனக்காக வருத்தப்படவும் வேண்டாம். கூடத்தின் ஓரத்தில் நான் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாளானாலும் சரி, ஒரு வருஷமானாலும் சரி. அவளாக வரட்டும்.

வணங்கும்,
உன் தங்கை.