அடுக்களைச் சுவரில் ஒரு வீரன்

செப்டம்பர் 16, 2003. செவ்வாய்.
காலையிலிருந்து மழை. கோட்டைக்கு ஏறி வந்தவர்கள் பதினோரு பேர். டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு மாடியில் ஒரே கூச்சல். சுவர்களைச் சுரண்டிப் பழுது பார்க்கும் ஜெர்னெய் படியில் ஓடி வந்தான். “ஸ்லாவ்கா! ஆயுத அறையில வெள்ளைப் பூச்சுக்கு அடியில ஒரு வீரன்! குதிரை மேல!” அருங்காட்சியக இயக்குநர் நெஷ்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே ஓடினாள். டாக்டர் பட்டம் வாங்கியவள், முப்பத்தைந்து வயதுதான். வந்து ஒரு வருடமாக ஒரு நல்ல செய்திக்குத் தவம் கிடக்கிறாள்.

ஆயுத அறை என்று இவர்கள் சொல்வது, நான் சிறுமியாக இங்கே குடியிருந்தபோது எங்கள் அடுக்களை.

செப்டம்பர் 17.
போய்ப் பார்த்தேன். அந்த வீரன் நான்தான்.

செப்டம்பர் 25. வியாழன்.
தலைநகர் லியூப்லியானாவிலிருந்து பேராசிரியர் வந்தார். மண்டியிட்டு, பூதக்கண்ணாடி வைத்து ஒரு மணி நேரம் பார்த்தார். பதினைந்தாம் நூற்றாண்டாம். காவலுக்கு நின்ற யாரோ ஆணியால் கீறியதாம். நடுவில் குமிழ் வைத்த வட்டக் கேடயம் இந்தப் பக்கத்தில் கிடைத்ததே இல்லையாம். குதிரைக்கு ஐந்து கால் இருப்பது ஓட்டத்தைக் காட்டும் உத்தியாம்.

அந்தக் கேடயம் அம்மாவின் கஞ்சிப் பானை மூடி. அதையும், வாளுக்குப் பதில் கரண்டியையும் பிடித்துக்கொண்டு நின்றவள் ஆறு வயது ஸ்லாவ்கா. ‘ஆடாதடி, ஆடாதடி’ என்று கீறிக்கொண்டிருந்தவன் என் அண்ணன் சிரில். 1951 குளிர்காலம். அவனுக்குத் தட்டம்மை, பள்ளிக்கூடம் இல்லை.

நெஷ்கா கண் கலங்கி என் கையைப் பிடித்தாள். நான் என்ன சொல்ல? காபி வேண்டுமா என்று கேட்டேன். கோழை.

செப்டம்பர் 28. ஞாயிறு.
முப்பத்திரண்டு வருடமாகக் கூட்டம் கூட்டமாக ஆட்களுக்குச் சொல்லி வருகிறேன்: 1261இல் பிரபு கட்டினார், இரண்டு முறை எரிந்தது, விவசாயிகள் கலகத்தில் முற்றுகை, பிறகு படைவீடு, பிறகு சிறை, 1966 முதல் அருங்காட்சியகம். சிறைக்கும் அருங்காட்சியகத்துக்கும் நடுவில் மூச்சு விட்டுக்கொள்வேன். அந்த ஒரு மூச்சில்தான் பதினான்கு குடும்பங்கள் நாற்பது வருடம் வாழ்ந்தன.

இரண்டு போர்களிலும் வீடு இழந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள். தண்ணீர் கீழே உள்ள கிணற்றிலிருந்து; நூற்றுப் பதினெட்டுப் படி. பீரங்கி மாடத்தில் பாவ்லா அக்காவின் முயல் கூண்டுகள். தேவாலய அறையில் முட்டைக்கோஸ் புளிக்க வைத்த பீப்பாய்கள். வீரர் கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கட்டிய கொடியில் ஊரார் உள்பாவாடையெல்லாம் தொங்கும். அதன் நடுவே புகுந்து ஓடினால் ஈரம் முகத்தில் அறையும். ஜனவரியில் போர்வையில் பனி படியும். அப்பா சாவா ஆற்றைப் பார்த்த ஜன்னலில் உட்கார்ந்து மவுத் ஆர்கன் வாசிப்பார். கீழே பள்ளியில் எங்களைக் ‘கோட்டைச் சீமான்கள்’ என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சூரியன் எங்களுக்குத்தான் முதலில் வந்தது.

1964இல் வெளியேற்றினார்கள். புது அடுக்குமாடியில் குழாய்த் தண்ணீர் கிடைத்தது. அப்பாவுக்கு ஜன்னல் கிடைக்கவில்லை. முதல் குளிர்காலத்திலேயே போய்விட்டார்.

ஏழு வருடம் கழித்து நான் இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது சிரில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “அப்பாவைத் துரத்துனவங்களுக்கே காவக்காரியா போறியா? போ. நான் அந்தப் படி ஏற மாட்டேன்.” ஏறவில்லை. ஊர் ஒன்று, தெரு இரண்டு. கல்லறையில் மட்டும் பார்த்துக்கொள்கிறோம்.

அக்டோபர் 14.
பத்திரிகையில் படம். தலைப்பு: ‘ஐந்நூறு வயது வீரன்.’ என் மூக்கு நன்றாகத் தெரிகிறது.

நவம்பர் 1. சனி.
புனிதர் நாள். கல்லறை முழுக்க மெழுகுவர்த்தி. சிரில் முன்பே வந்து அப்பா பெயரின் மேல் இருந்த இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். எப்போதும் ‘குளிருது’, ‘ஆமா’ — அவ்வளவுதான். இன்று கேட்டுவிட்டேன்.

“சிரில், அடுக்களைச் சுவத்துல நீ கீறுனியே...”

“பேப்பர்ல பாத்தேன்.” திரும்பவில்லை. தோள் குலுங்கியது, அழுகிறானோ என்று பதறினேன். சிரிக்கிறான்! “அஞ்சாவது காலு உத்தியாம்ல? முதல்ல போட்ட கால் கோணிப்போச்சு. சுவத்துல எப்படி அழிப்பே? பக்கத்துல இன்னொண்ணு போட்டேன்.”

நானும் சிரித்தேன். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் முறைத்தார்கள்.

“வந்து சொல்லேன், அவங்ககிட்ட.”

சிரிப்பு அப்படியே நின்றது. “உன் மியூசியம். நீயே சொல்லிக்கோ.”

நவம்பர் 4. செவ்வாய்.
சொல்லிவிட்டேன். நெஷ்கா நாற்காலியை இழுத்து என் எதிரே உட்கார்ந்து, “ரெண்டு மாசமா ஏன் வாயைத் திறக்கலை?” என்றாள். நியாயமான கேள்வி.

நவம்பர் 7. வெள்ளி.
நெஷ்கா எழுதிக் கேட்டதற்குப் பேராசிரியரின் பதில் வந்துவிட்டது. சின்ன வயசு ஞாபகம் இப்படித்தான் விளையாடுமாம். பார்த்த படத்தை வீட்டார் வரைந்ததாக நினைத்துக்கொள்வது சகஜமாம். ஓய்வு பெறும் வயதில் கவனம் தேடுவதும் உண்டாம். அதையும் எழுதியிருக்கிறார்.

அதற்குள் ஊர் முழுக்கச் சேதி பரவிவிட்டது; சாயங்காலம் ரொட்டிக் கடையில் நுழைந்ததும் பேச்சு நின்றது. பிறகு யாரோ பின்னாலிருந்து, “வழி விடுங்கப்பா, வீரனோட குடும்பம்!” என்றார்கள். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூட வாசலில் நின்ற மாதிரி இருந்தது. ரொட்டி வாங்காமலே வந்துவிட்டேன். எதுக்குச் சொன்னேன்? பேசாம இருந்திருக்கலாமே, ஓய்வுக்கு இன்னும் அஞ்சு மாசந்தானே...

நவம்பர் 12. புதன்.
நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பேராசிரியர் மறுபடி வந்திருந்தார், ஆயுத அறையில். பதினோரு மணிக்கு வாசலில் மூச்சிரைப்பு. சிரில். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, முகமெல்லாம் வியர்வை. நான் எழுந்தேன். “டிக்கெட் வேணுமா?” என்றான். கேலியா, நிஜமா — தெரியவில்லை. வேண்டாமென்று தலையை ஆட்டினேன். நேரே உள்ளே போனான், வழி கேட்கவில்லை.

“என் தங்கச்சியைப் பொய் சொல்றவள்னு எழுதினது நீங்கதானா?”

பேராசிரியர் எழுந்து நின்றார். “நான் அப்படி எழுதலை, ஐயா...”

“பேப்பர் குடுங்க.”

நெஷ்கா கொடுத்தாள். சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். நாற்பது வருடம் ரயில் பட்டறையில் வேலை செய்த விரல்கள். பேனா உள்ளே தொலைந்துபோனது. பின்னங்காலிலிருந்து தொடங்கினான். யாரும் அப்படித் தொடங்க மாட்டார்கள். கால், வயிறு, முடிச்சுப் போட்ட வால் — “பால்காரன் பாலாந்தோட குதிரை. சேறு படாம வாலை முடிஞ்சு விடுவான்” — பானை மூடி, கரண்டி, மூக்கு. நிமிராமலே, “ஆடாதடி,” என்றான். நான் ஆடவே இல்லை. கன்னத்தில் என்னவோ வழிந்தது.

பேராசிரியர் தாளைச் சுவருக்குப் பக்கத்தில் பிடித்தார். பார்த்தார். மறுபடி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, “அம்மா, என்னை மன்னிச்சிடுங்க,” என்றார். நல்ல மனிதர்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது. நெஷ்காவின் முகமும்.

சிரில் அறையைச் சுற்றிப் பார்த்தான். “அடுப்பு எங்கே?” என்றான்.

“எடுத்துட்டாங்க.”

தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

நவம்பர் 13.
சிரிலுக்குக் கால் வலியாம். அவன் மனைவி சொன்னாள் என்று பாவ்லா அக்கா போனில் சொன்னாள். நூற்றுப் பதினெட்டுப் படி, அறுபத்தொரு வயசு.

பிப்ரவரி 3, 2004.
பேராசிரியர் பத்திரிகைக்குத் தானே எழுதித் திருத்திவிட்டார். ஊர் ஒரு வாரம் சிரித்தது, பிறகு வேறு எதற்கோ சிரிக்கப் போய்விட்டது. நகரசபை தருவதாகச் சொன்ன கண்காட்சி நிதியை நிறுத்திவிட்டது. நெஷ்கா இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாம் நாள் கோட்டையின் வரைபடத்தை என் மேஜையில் விரித்தாள்.

“பதினாலு குடும்பம்னீங்களே. யார் யார் எந்த அறை?”

சுவரை வெள்ளையடிக்கவில்லை. கீழே சின்னப் பலகை: சிரில் ஹ்ரிபார், ஒன்பது வயது, 1951. பாவ்லா அக்கா எண்பத்தாறு வயதில் பேரன் காரில் வந்து, முயல்களின் பெயர்கள் உட்பட எல்லாம் சொல்லிவிட்டுப் போனாள்.

சிரில் பிறகு வரவே இல்லை. கூப்பிட இரண்டு தடவை போனை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

மார்ச் 23. செவ்வாய்.
மதியம் சிரில் வந்தான். சுவர்ப் பக்கம் போகவில்லை. அப்பாவின் ஜன்னலில், கல் திட்டில் உட்கார்ந்தான். பனி உருகி ஆறு கலங்கலாக ஓடியது. தேநீர் கொண்டுபோய் வைத்தேன். குடித்தான்.

“எத்தனை மணிக்கு மூடுவே?” என்றான்.

“அஞ்சுக்கு.”

ஐந்துக்கும் அங்கேயே இருந்தான். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு தேவாலய அறை, வீரர் கூடம், பீரங்கி மாடம், கீழ்வாசல் என்று ஒவ்வொன்றாகப் பூட்டினேன். சிரில் உட்கார்ந்திருந்த அறையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன்.